பழைய பைபர் படகை வீட்டு முற்றத்தில் புதுப்பித்த அனுபவம்

கடலில்லாத மாவட்டத்தில் பழைய பைபர் படகின் அடிப்பாகத்தைப் புதுப்பிக்க நினைப்பவர், முதல் நாளிலேயே ஆலோசனை கேட்க ஆளில்லாத நிலையைச் சந்திக்கிறார். கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ இருந்தால் கரையை ஒட்டிய பட்டறையில் யாரேனும் ஒருவர் படகைத் தட்டிப் பார்த்தே பாதி விவரத்தைச் சொல்லிவிடுவார். தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தில் எனக்குக் கிடைத்தவர்கள் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுபவரும், கார் பட்டறைக்காரரும், பரிசலுக்குத் தார் பூசத் தெரிந்தவர்களும்தான். மூவரும் தத்தம் தொழிலில் தேர்ந்தவர்கள். ஆயினும் பைபர் படகுக்கு அந்த மூன்று தொழில்களின் வழக்கங்களும் அப்படியே பொருந்துவதில்லை. இதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தால், தை மாதம் தொடங்கிய வேலை ஆனி வரை நீண்டிருக்காது. செலவான 52,000 ரூபாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். அந்த ஏக்கத்தில்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படகு என் தாய்மாமாவுடையது. நாகமரையில், மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் உரிமம் பெற்று மீன்பிடித்து வந்தவர் அவர். பல ஆண்டுகளுக்கு முன்பு கடற்கரையிலிருந்து வாங்கி வந்த பதினெட்டு அடிப் படகு அது. மூட்டு வலியால் அவர் தொழிலை நிறுத்திய பிறகு சீமைக் கருவேல மரங்களுக்கிடையே கிடந்தது. "மாப்பிள்ளை, மரப்படகா இருந்தா இந்நேரம் மக்கியிருக்கும், இது பைபர்தானே, பெயின்ட் அடிச்சா போதும்" என்று சொல்லி அவர் அதை என்னிடம் ஒப்படைத்தார். பைபர் மக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் அதனுள் நீர் புகும். புகுந்த நீர் வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் தங்கவும் செய்யும். மினி லாரியில் ஏற்றுவதற்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்தக் கூடுதல் எடை நீரின் எடை என்பது பின்னால்தான் விளங்கிற்று. ஆகவே படகை வாங்குவதற்கோ வீட்டுக்குக் கொண்டு வருவதற்கோ முன்பு, நாணயத்தாலோ சிறு மரச்சுத்தியாலோ அடிப்பாகம் முழுவதையும் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் ஒலி கணீரென்று இருக்கும். அடுக்கு பிரிந்த இடத்திலும் நீர் ஊறிய இடத்திலும் மொத்தென்று கேட்கும். படகு மூழ்காமல் இருக்க இருக்கைகளுக்கு அடியில் அடைத்திருக்கும் பஃப் நுரையையும் ஓரிடத்தில் துளையிட்டுப் பாருங்கள். எங்கள் படகில் அது பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் இருந்தது. முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

படகின் அடியில் தார் பூசப்பட்டிருந்தது. எங்கள் பகுதியில் இது இயல்பான வழக்கம். மூங்கில் பத்தைகளால் பின்னிய பரிசலுக்கு முற்காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் படுதாவைப் போர்த்துகிறார்கள். அதன்மேல் தார் பூசினால் நீர் புகாது. ஒகேனக்கல் முதல் நாகமரை வரை ஆற்றை நம்பி வாழ்பவர்கள் எல்லோருக்கும் கைவந்த வேலை அது. மாமாவும் படகில் கசிவு கண்டபோதெல்லாம் அதே வைத்தியத்தைச் செய்திருந்தார். நான் முதலில் அழைத்த பெயின்டர், தாரின் மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு எனாமல் பூசினால் போதும் என்று உறுதியாகச் சொன்னார், பூசியும் கொடுத்தார். படகு புதிதாகவே தெரிந்தது. மாசி வெயில் ஏற ஏற, வெள்ளை நிறத்தின் ஊடாகப் பழுப்புத் திட்டுகள் எழுந்தன. பின்னர் வண்ணம் முதலைத்தோல் போல வெடித்தது. தாரில் உள்ள எண்ணெய்ப் பசை, எனாமலில் உள்ள கரைப்பானில் இளகி மேலே ஏறிவிடும். அடியில் இருப்பது வெயிலில் நெகிழும்போது மேலே காய்ந்து இறுகிய வண்ணம் பிளந்தாக வேண்டும். பொருளும் கூலியுமாக 11,500 ரூபாய் அதில் போயிற்று. பணம் போனதைவிட, அதே வண்ணத்தையும் சேர்த்துச் சுரண்ட வேண்டி வந்ததுதான் என்னைச் சோர்வடையச் செய்தது. பல மாலைகளில் படகைப் பார்க்கவே மனமின்றிப் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் சென்றிருக்கிறேன்.

தாரை நீக்குவது இந்த வேலையிலேயே மிகவும் பொறுமையைக் கேட்கும் பகுதி. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது தாரைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் கரைந்த தார் மெல்லிய படலமாகப் பரவி, பழைய பரப்பில் உள்ள நுண்ணிய துளைகளிலும் கீறல்களிலும் இறங்கிவிடும். அதோடு மண்ணெண்ணெயின் பிசுக்கும் தங்கிவிடும். அதன்மேல் எதுவும் ஒட்டாது. கரைப்பானைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொண்டு, முதலில் கையால் சுரண்டி எடுப்பதே சரி. குளிர்ந்த தார் நொறுங்கும். சூடான தார் இழுபடும். எனவே விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் நிறுத்திக்கொண்டேன். கூர்மையான தகட்டைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளினால் அது சில்லுகளாகப் பெயர்ந்தது. சூடான காற்றை ஊதும் கருவியை ஒருவர் கொடுக்க முன்வந்தார், மறுத்துவிட்டேன். அதிக வெப்பம் பட்டால், பைபரில் கண்ணாடி இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசின் என்னும் பிசினே இளகிக் கெட்டுவிடும். பெரும்பகுதி போன பிறகு, கரைப்பானில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, அது ஆவியாகும் முன்பே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கறுத்த துணியைத் திருப்பி மீண்டும் பயன்படுத்தக் கூடாது. பழைய வேட்டிகள், புடவைகள் என்று வீட்டில் இருந்த துணியெல்லாம் இதற்கே செலவாயின. சுரண்டிய தாரையும் கழிவுத் துணியையும் தகர டப்பாவில் சேர்த்து வைத்தேன். ஆழ்துளைக் கிணறு பக்கத்திலேயே இருக்கும் வீட்டில் கரைப்பானைத் தரையில் ஊற்றுவது குடிக்கும் நீரில் ஊற்றுவதற்குச் சமம். பரப்பு உண்மையில் தூய்மையானதா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. சுத்தமான நீரைத் தெளியுங்கள். நீர் ஒரே படலமாகப் பரவினால் நல்லது. முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது.

மெழுகைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பைபர் படகை அச்சிலிருந்து பிரித்தெடுப்பதற்காக அச்சில் மெழுகு பூசியிருப்பார்கள். அதன் எச்சம் படகின் மேற்பரப்பில் தங்கியிருக்கலாம். பக்கங்களைப் பளபளப்பாக வைக்கப் பின்னாளில் மெழுகு தேய்த்திருக்கவும் கூடும். இதை நீக்காமல் உப்புத்தாள் போட்டால், தேய்க்கும் சூட்டில் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். ஆகவே முதலில் துடைப்பு, அதன் பிறகே தேய்ப்பு.

தார் போன பிறகுதான் படகின் உண்மையான நிலை தெரிந்தது. நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே, மிளகளவு முதல் ஐம்பது காசு நாணயத்தின் அளவு வரை கொப்புளங்கள் பரவியிருந்தன. ஒன்றைக் குத்தியபோது வழவழப்பான நீர் வெளிவந்தது. காடி போன்ற புளித்த வாடை வீசியது. ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சு அரை மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்டது. நீரை அது முற்றாகத் தடுப்பதில்லை. ஊடுருவிய நீர் உள்ளே இருக்கும் ரெசினின் கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து செறிவான கரைசலாகிறது. வெளியே இருக்கும் நீர் நீர்த்ததாக இருப்பதால், சவ்வூடு பரவலால் மேலும் மேலும் உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த அழுத்தத்தில் பூச்சு உப்புகிறது. கடல்நீரில் உப்பு இருப்பதால் இந்த இழுவிசை அங்கே சற்றுக் குறைவு. ஆற்று நீரிலும் ஏரி நீரிலும் கூடுதல். கடலையே தாங்கிய படகுக்கு அணை நீர் எம்மாத்திரம் என்று மாமா நம்பியிருந்தார், நானும் நம்பினேன். உண்மை நேர்மாறாக இருக்கிறது. கடற்கரையில் பழைய படகை வாங்கி அணைக்கோ ஏரிக்கோ கொண்டுவருபவர்கள் மனத்தில் முதலில் பதிக்க வேண்டிய செய்தி இதுவே.

கொப்புளங்கள் அனைத்தையும் திறந்து, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, நல்ல நீரால் பலமுறை கழுவினேன். உள்ளே தங்கிய கரைசல் போனால்தான் ஈரம் போகும். கழுவாமல் வெறுமனே காயவைத்தால் அந்தப் பொருள்கள் காற்றிலிருக்கும் ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். பிறகு படகைக் கவிழ்த்து, கட்டைகள் மேல் உயர்த்தி, காற்று புகும்படி வைத்துக் காத்திருந்தேன். காய்ந்ததா என்று பார்க்க, தெளிவான பாலித்தீன் தாளை ஒரு முழ அகலத்துக்கு வெட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் நன்றாக ஒட்டி வெயிலில் விட்டேன். உட்புறம் நீர்த்துளி கட்டினால் ஈரம் இருக்கிறது என்று பொருள். வாரக்கணக்கில் துளிகள் தோன்றிக்கொண்டே இருந்தன. தருமபுரியின் பங்குனி வெயில் இதற்குப் பெரிய துணை. நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்குபவர் காத்திருந்தே களைத்துவிடுவார். மார்கழி கழிந்ததும் சுரண்டல், மாசி, பங்குனியில் உலர்த்தல் என்று வைத்துக்கொள்வதே உகந்தது.

அடுத்தது பைபர் மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பை ஒட்டும் வேலை. பொருள்களை ஓசூரில் வாங்கினேன். தொழிற்பேட்டைகள் நிறைந்த ஊராதலால் பாலியெஸ்டர் ரெசின், மேட், கேட்டலிஸ்ட் எல்லாம் சில்லறையாகவே கிடைத்தன. கடையில் யாரும் சொல்லாத, ஆனால் உயிரோடு தொடர்புடைய விவரம் ஒன்று உண்டு. ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டையும், அந்த இறுகலை விரைவுபடுத்தும், ஊதா நிறத்தில் இருக்கும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது. கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கோபால்டை முதலில் ரெசினில் முழுமையாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். கோபால்ட் முன்பே கலந்த ரெசினைக் கேட்டு வாங்குவது வீட்டில் வேலை செய்பவருக்குப் பாதுகாப்பு. கேட்டலிஸ்ட் நீரைப் போலவே நிறமற்றது. கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகக்கூடும். கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியின் மூடியைக்கூடத் திறக்காதீர்கள். அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே நல்ல நீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கேட்டலிஸ்டின் அளவு ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். நம் ஊர் வெயிலில் 1 சதவீதமே போதும். அப்போதும் கால் மணி நேரத்துக்குள் கலவை திரண்டுவிடுகிறது. எனவே ஒரு கிலோவாகக் கலக்காமல், கால் கிலோ அளவில் கலந்து, அகலமான தட்டையான பாத்திரத்தில் வைத்துப் பயன்படுத்துங்கள். ஆழமான டப்பாவில் மிஞ்சிய கலவை தானாகவே சூடேறிப் புகைவதை நேரில் பார்த்தேன். மணலில் கொட்டிப் பரப்பியதும் அடங்கியது. ஓட்டையையோ பிளவையோ அடைக்கும்போது சுற்றியுள்ள ஓரத்தை, தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்ப்பது நல்லது. 4 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். சரிவின்றி மேலே ஒட்டிய துண்டு, பாறையில் ஒருமுறை உரசினாலே பெயர்ந்துவிடும். மேட்டூர் நீர்மட்டம் 120 அடி என்ற முழு அளவிலிருந்து கோடையில் இறங்கும்போது நாகமரைக் கரையெங்கும் பாறைகள் தலைகாட்டும் என்பதை அங்கே படகு ஓட்டியவர்கள் அறிவார்கள்.

பள்ளங்களை நிரப்பும் பட்டி விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. கார் பட்டறையில் பயன்படுத்தும் பட்டியை ஒருவர் பரிந்துரைத்தார். தேய்க்க மிக எளிதாகவும் இருந்தது. அதில் கலந்துள்ள மாவுப்பொருள் நீரை உறிஞ்சக்கூடியது என்பதால் நீர்மட்டத்துக்குக் கீழே அது நிலைக்காது. பூசியதை முழுவதும் தேய்த்தெடுத்துவிட்டு எபாக்ஸி என்னும் வேறு வகை ரெசினாலான பட்டியால் மீண்டும் நிரப்பினேன்; சுமார் 3,000 ரூபாய் வீண். வரிசையும் முக்கியம். பாலியெஸ்டரின் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். எபாக்ஸியின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஆகவே பாலியெஸ்டர் வேலைகள் அனைத்தையும் முடித்துவிட்டுத்தான் எபாக்ஸி டப்பாவைத் திறக்க வேண்டும்.

தேய்ப்பின்போது பறக்கும் கண்ணாடி இழைத் தூசியை நான் மறக்கவே மாட்டேன். முழுக்கைச் சட்டை, கையுறை, தூசி புகாத முகமூடி, கண்ணாடி ஆகியவை இல்லாமல் தொடங்கவே கூடாது. வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் குளியுங்கள். வெந்நீர் பட்டால் அரிப்பு கூடுகிறது. அந்த உடைகளை வீட்டு உடைகளோடு சேர்த்துத் துவைத்ததால் என் மனைவிக்கும் மகளுக்கும் இரண்டு இரவுகள் தூக்கமில்லை. பக்கத்து வீட்டு அக்கா கொடியில் காயவைத்த துணியிலும் தூசி படிந்தது. "சொல்லியிருந்தா உள்ள காயப் போட்டிருப்பேனே தம்பி" என்று அவர் கேட்டது நியாயமானது. அதன் பிறகு நீர் தெளித்து ஈரமாகவே தேய்த்தேன். 80 எண் தாளில் தொடங்கி 120, 220 என்று ஏறி, இறுதி வண்ணத்துக்கு முன்பு 320 வரை சென்றேன். மின்கருவியை ஈரத்தோடு பயன்படுத்தக் கூடாது என்பதால் இந்தப் பகுதி முழுவதும் கைவேலைதான்.

நீர்மட்டத்துக்குக் கீழே எபாக்ஸி தடுப்புப் பூச்சும், மேலே பி.யு. (பாலியூரித்தேன்) வண்ணமும் என்று தீர்மானித்தேன். படகின் பக்கங்களுக்கான பி.யு. வண்ணம் வெயிலைத் தாங்கும். ஆனால் எப்போதும் நீரிலேயே கிடக்கும் பரப்புக்கு அது உகந்ததன்று, கொப்புளம் விடும். எபாக்ஸியோ நீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் வெயிலில் சுண்ணாம்பு போல மாவாகும். இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தால் இரண்டும் உழைக்கும். தடுப்புப் பூச்சு காய்ந்த நிலையில் கால் மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். அதற்குப் பல கைகள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை, பூச வேண்டும். ஒவ்வொரு கைக்கும் வெவ்வேறு சாயல் கொடுத்தால் விடுபட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். டப்பாவில் குறித்திருக்கும் மறுபூச்சு நேரத்தைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். அது கடந்துவிட்டால் மீண்டும் உப்புத்தாள் போடாமல் அடுத்த கை பிடிக்காது. காய்ந்த எபாக்ஸியின் மேல் சில வேளைகளில் மெழுகு போன்ற வழுவழுப்பு தோன்றும். அதை நீரால் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும்.

பூசும் நேரம்தான் என்னை மிகவும் அலைக்கழித்தது. அதிகாலையில் பனி ஈரம். நண்பகலில் கை வைக்க முடியாத சூடு. சூடான பரப்பில் பூசினால் மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் சிக்கிய கரைப்பான் ஊசித்துளைகளாக வெடித்து வெளியேறுகிறது. சித்திரையில் ஒரு மாலை, பி.யு. வண்ணத்தின் இறுதிக் கை முடித்த சிறிது நேரத்தில் கோடை மழை கொட்டியது. படுதா போட்டிருந்தும் ஈரக்காற்றிலேயே ஒரு பக்கம் முழுவதும் பளபளப்பை இழந்து மங்கிவிட்டது. அன்று நான் அழுதேன் என்பதை எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. அந்தப் பக்கத்தை முழுவதும் தேய்த்து மறுபடி பூசியதில் மேலும் 4,000 ரூபாய் போயிற்று. மாங்காய் பழுக்கும் பருவத்தில் நம் மாவட்டத்தில் மாலை மழையை எந்நாளும் எதிர்பார்க்க வேண்டும். ஆகவே இறுதிப் பூச்சைக் கோடை மழை தொடங்குமுன் முடியுங்கள். முடியாவிட்டால் கூரையுள்ள இடத்துக்குப் படகை மாற்றுங்கள். ஆடிக் காற்றுக்குத் தள்ளிப்போட்டால் செம்மண் தூசியே மேல்பூச்சாகிவிடும். காலை பனி விலகி, படகைத் தொட்டால் இளஞ்சூடாக மட்டும் இருக்கும் அந்த ஓரிரு மணி நேரமே நமக்குக் கிடைக்கும் வேளை. அதற்குள் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் வண்ணத்தைக் கலக்க வேண்டும்.

பி.யு. வண்ணத்தை இறுகவைக்கச் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் பொருள் இருக்கிறது. அது நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. காற்றழுத்தக் கருவியால் தெளிக்கும்போது அது நுண்துளிகளாகப் பரவுவதால், வெளியிலிருந்து தூய காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் யாரும் அதைச் செய்யக் கூடாது. வீட்டு முற்றத்துக்கு உரிய வேலையே அன்று அது. சிறிய நுரை உருளையால் மெல்லப் பூசி, உடனே மென்மையான பிரஷ்ஷின் நுனியால் ஒரே திசையில் வருடிவிட்டால் போதும். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தெளித்த பூச்சுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. அப்போதும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி அணிந்தே செய்தேன். கைக்குட்டை கட்டிக்கொள்வதால் எந்தப் பயனும் இல்லை.

முடித்த படகை உடனே நீரில் இறக்கிவிட வேண்டாம். தொட்டால் ஒட்டாத நிலை வேறு, முழுமையாக இறுகிய நிலை வேறு. நான் பத்து நாள்களுக்கு மேல் அப்படியே விட்டேன். ஆனி மாதம் நாகமரைத் துறையில் இறக்கியபோது மாமா கரையில் நாற்காலி போட்டு அமர்ந்து, எதிரே உள்ள பண்ணவாடிக் கரை நோக்கி நான் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்பது. இல்லை. இப்போது மீன்பிடிப்பு முடிந்ததும் படகை நீரிலேயே விடுவதில்லை. கரையேற்றி, உள்ளே தேங்கும் நீர் வடிவதற்கான துளையின் அடைப்பானைத் திறந்து, கட்டைகள் மேல் கவிழ்த்து வைக்கிறோம். மாதம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவி, பாறை உரசிய கீறல் ஏதும் தென்பட்டால் அந்த இடத்தை அன்றே உலரவிட்டு எபாக்ஸியால் அடைத்துவிடுகிறோம். தார் டப்பாவை மாமா பரிசல் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.